பத்து மணிக் குட்டிச் சங்கு

தொண்ணூறுகளின் நடுவில், கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் நடந்தது இது. கீழே லேத் பட்டறை, மாடியில் நாங்கள். முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஆறு பேர். நான் டிப்ளமோ முடித்தவள். இருபத்திரண்டு வயது, ஒரு பழைய மொபெட், தலை நிறைய கர்வம். அங்கே புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான், ஒன்று முதலாளி, இன்னொன்று நான். அதனால் கர்வத்துக்குக் காரணம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

முதலாளிக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கொங்குத் தமிழ், கோபம் வந்தால் இங்கிலீஷ். மில்களுக்கும் பட்டறைகளுக்கும் கண்ட்ரோல் பெட்டி செய்து கொடுப்பதுதான் எங்கள் தொழில். பெட்டிக்குள் ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருக்கும். அது எப்போது என்ன செய்ய வேண்டும் என்கிற புரோகிராம் பக்கத்திலேயே ஒரு சிப்பில் இருக்கும். ஒவ்வொரு மில்லுக்கும் முதல் வரியிலிருந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது என்று முதலாளி ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். கேள்வி கேட்கும் ஒரு புரோகிராம். எத்தனை ஷிப்ட், எத்தனை மணிக்கு ஆரம்பம், எந்தக் கிழமை விடுமுறை என்று அது வரிசையாகக் கேட்கும். நாம் பதிலைத் தட்டிக்கொண்டே போனால், கடைசியில் ஆயிரத்துச் சொச்சம் வரியில் அந்த மில்லுக்கான புரோகிராமை அதுவே எழுதித் தந்துவிடும். ஆபீசில் அதற்கு மாவு மிஷின் என்று பெயர். மேலே தானியத்தைக் கொட்டினால் கீழே மாவு.

மிஷின் எழுதித் தரும் எல்லாப் புரோகிராமின் உச்சியிலும் ஒரு கோடு இருக்கும். அதன் பக்கத்தில், இந்தக் கோட்டுக்குக் கீழே யாரும் கை வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில், இங்கிலீஷில் எழுதியிருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. அடுத்த முறை மிஷினை ஓட்டும்போது அது பழைய மாவைத் திரும்பிப் பார்க்காது. அதே பெயரில், பழசின் மேலேயே, முழுக்கப் புதிதாக எழுதிவிடும். நடுவில் நாம் கையால் எதையாவது சேர்த்திருந்தால் அது போன இடம் தெரியாது.

நான் சேர்ந்த முதல் நாளே முதலாளி இதைச் சொல்லியிருந்தார். “கண்ணு, எதா இருந்தாலும் கேள்வியிலதான் மாத்தோணும். மாவுல கை வெக்காத.” தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அவிநாசி போகும் ரோட்டில் ஒரு ஸ்பின்னிங் மில் எங்கள் வாடிக்கை. அங்கே ஷிப்ட் சங்கை டைம் ஆபீஸ்காரர் ஒருவர் வருடக்கணக்காக சுவிட்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்றதும், சங்கு தானாக ஊத ஒரு பெட்டி செய்து தரச் சொன்னார்கள். மிஷினின் கேள்விகளை அச்சடித்து, பதில்களை எழுதி வாங்கி, கீழே மில்லின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டோம். அந்தப் படிவத்தில் ஒரு நகல் அவர்கள் ஃபைலுக்கு, ஒன்று எங்களுக்கு. மிஷினை ஓட்டி, புரோகிராமைச் சிப்பில் ஏற்றி, பெட்டியை மாட்ட நான்தான் போனேன்.

சங்கு அறையில் நான் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது நாலு பெண்கள் வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கோன் வைண்டிங்கில், அதாவது நூலைக் கூம்புக் கோனில் சுற்றும் பகுதியில், வேலை செய்பவர்கள். நாலு பேர் தலையிலும் பஞ்சு. அவர்களில் குரல் பெரிதாக இருந்தவரை அன்றிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டேன், இங்கும் அப்படியே சொல்கிறேன்.

“ஏனுங் அம்மணி, இந்தப் பொட்டி குட்டிச் சங்கு ஊதுமுங்களா?” என்றார் அக்கா.

எனக்கு விளங்கவில்லை. விளக்கினார். நாலு பேருக்கும் கைக்குழந்தை. மில்லுக்குப் பின்னால் குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் காலை ஏழு மணி ஷிப்டுக்கு வருகிறார்கள். பழைய டைம் ஆபீஸ்காரர் பத்து மணிக்குக் குட்டையாக இரண்டு தடவை சங்கு கொடுப்பாராம். அதைக் கேட்டதும் இவர்கள் மெஷினை விட்டுப் போய்ப் பால் கொடுத்துவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பிவிடுவார்கள். அந்த இரைச்சலில் மணியடித்தாலும் கேட்காது, கத்தினாலும் கேட்காது. சங்கு ஒன்றுதான் காதில் விழும்.

“ரெண்டே ரெண்டுங்க,” என்று விரலைக் காட்டினார். “அதுக்கு மேல குட்டையா ஊதிக்கிட்டே இருந்துச்சுன்னா தீன்னு அர்த்தம். மில்லே எந்திரிச்சு ஓடிப்போடும்.”

மில்லில் பொறுப்பில் இருந்த ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்தார். “பழைய வழக்கமுங்க அது. வெச்சுக் குடுத்துருங்க. எழுத்துல மட்டும் கேக்காதீங்க. எழுதுனா மேல இருந்து ஆயிரம் கேள்வி வரும்” என்றார்.

இங்கேதான் சிக்கல். எங்கள் மிஷினுக்கு ஷிப்ட் சங்கு தெரியும், சாப்பாட்டுச் சங்கு தெரியும். குட்டையாக ஊதுவது, இரண்டு தடவை ஊதுவது என்பதெல்லாம் அது கேட்கும் கேள்விகளிலேயே இல்லை. முதலாளியிடம் சொன்னால் மிஷினையே பிரித்துப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்துவிடுவார். அதனால் மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, நான் மாவில் கை வைத்தேன். கோட்டுக்குக் கீழே, நடுவில், பதினோரு வரிகள். எதற்காக என்று ஒரு குறிப்புகூட எழுதவில்லை. எழுதினால் மாட்டிக்கொள்வேனே.

அதற்கு அடுத்த நாள் பத்து மணிக்குக் குட்டிச் சங்கு அழகாக இரண்டு முறை ஊதியது. அக்கா எனக்கு ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தார். மொபெட்டின் இரண்டு பக்கமும் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்க, அவிநாசி ரோட்டில் லாரிக்காரர்களெல்லாம் எனக்கு வழி விட, நான் ராணி மாதிரி ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். என் பதினோரு வரியால் நாலு குழந்தைகள் நேரத்துக்குப் பால் குடிக்கின்றன என்ற நினைப்பு இனித்தது. மூன்று மாதம் இனித்துக்கொண்டே இருந்தது.

பிறகு மின்வெட்டுக்காக மில்லின் வார விடுமுறையை ஞாயிறிலிருந்து வெள்ளிக்கு மாற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை முதலாளி, “ஒரே ஒரு பதில்தான் கண்ணு. மாத்தி ஓட்டிப்போட்டு, சிப்பை மாட்டிட்டு வந்துரு” என்றார். மிஷினில் ஞாயிறு என்று இருந்ததை வெள்ளி என்று மாற்றினேன். ஓட்டினேன். ஐந்து நிமிட வேலை. அந்தப் பதினோரு வரி எனக்கு ஞாபகம் வரவே இல்லை. சத்தியமாக வரவில்லை. ஞாபகம் வந்தும் அலட்சியமாக இருந்தேன் என்றால்கூட என்னை நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன்.

மத்தியானம் மில்லுக்குப் போய்ப் புதுச் சிப்பை மாட்டினேன். சிரித்த ஸ்பின்னிங் மாஸ்டர் வேறு மில்லுக்குப் போயிருந்தார். அவர் இடத்தில் வெளியூரிலிருந்து புதிதாக ஓர் அதிகாரி. சட்டைப் பையில் நாலு பேனா. படிவத்தை வரி வரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். ஆபீசுக்குத் திரும்பியதும் பழைய சிப்பை ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து அழித்தேன். அந்தச் சிப்புகளை அப்படித்தான் அழித்து மறுபடி பயன்படுத்துவோம். கையோடு அழித்து வைப்பது எங்கள் ஆபீஸ் ஒழுக்கம். இப்படி, அந்தப் பதினோரு வரிக்கும் இந்த உலகத்தில் ஒரு தடயமும் இல்லாமல் நானே நிதானமாகச் செய்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. முதலாளி எடுத்தார்.

“குட்டிச் சங்குங்களா? நாங்க அப்படி எதுவும் செய்யறதில்லீங் அம்மணி. ராங் நம்பருங்க.” வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “யாரோ பாவம், சங்கைக் காணமாம்.”

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. போன் செய்தது அக்காதான் என்று தெரிந்துவிட்டது; அந்தப் பதினோரு வரியும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை, “பேட்டரி பார்த்துட்டு வாரேன் சார்” என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு மில்லுக்குப் போனேன். போய்ச் சேரும்போது பத்து தாண்டிவிட்டது. வைண்டிங் பகுதி வாசலில் ஒரு காட்சி. காப்பக ஆயா, நூல் பாபின் தள்ளுகிற வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார். வண்டிக்குள் பாபினுக்குப் பதிலாக நாலு குழந்தைகள். இரண்டு வீறிட்டு அழுகின்றன. ஒன்று காலிக் கோன் ஒன்றை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கிறது. நாலாவது, ஊர்வலம் போகிற சாமி மாதிரி கம்பீரமாக உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டு வருகிறது. பின்னால் புது அதிகாரி, “இது மில்லா, சந்தையா? வண்டியைத் திருப்பும்மா!” என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறார்.

ஆயா அசரவில்லை. “நேத்துத் தட்டத்தைத் தட்டிப் பாத்தேன், ஒருத்திக்கும் கேக்கலீங்க. சங்கு ஊதாட்டி நான் எப்படிக் கூப்புடறது? அதான் கூட்டியாந்துட்டேன்” என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்ததும் துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி திரும்பினார். “நீங்களே சொல்லுங்கம்மா. சங்கு ஊதினா போகட்டும், நான் தடுக்கல. ஊதலையே! கம்ப்யூட்டரே எடுத்துடுச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் இல்லையா?”

காரணம் அவர் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்து, நான்தான் சார் அழித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். வண்டி திரும்பிப் போனது. அழுகைச் சத்தம் காப்பகம் வரைக்கும் கேட்டது.

அதிகாரி நகர்ந்ததும் அக்கா வந்தார். முந்தானையை இறுக்கி மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“நேத்துப் பூரா கொளந்த அழுதுச்சு கண்ணு. எனக்குப் பால் கட்டிப்போட்டு ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போச்சு. இத்தனை ஆம்பளைங்க நடுவுல தலப்பை இழுத்து மூடிக்கிட்டு நிக்கறேன். நீதான வெச்சுக் குடுத்த? நீயே எடுத்துப்போட்டியா?”

“தப்பாப் போச்சுங்க அக்கா.”

“ஒரு வாரம் ஊதாட்டிப் போச்சுன்னா, அப்படியொரு வழக்கமே இல்லேன்னு சொல்லிப்போடுவாங்க. பொறவு பாலா, வேலையான்னு ஆயிரும். என்ற பையனுக்கு ஆறு மாசந்தான் ஆகுது.”

“நாளைக்கு ஊதுமுங்க. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அப்போதுகூட நேராக முதலாளியிடம் போகவில்லை பாருங்கள். திருட்டுத்தனமாக வைத்ததைத் திருட்டுத்தனமாகவே திரும்ப வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அன்று மத்தியானமே, முதலாளி சாப்பிடப் போன நேரத்தில், அந்தப் பதினோரு வரியை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன். ஒன்பது வரி நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டைக் குத்துமதிப்பாக எழுதினேன். சிப்பில் ஏற்றி, மேஜை மேல் சங்குக்குப் பதில் ஒரு விளக்கை மாட்டிச் சோதித்தேன். விளக்கு ஒரு முறை மின்னியது. இரண்டாம் முறை மின்னியது. மூன்றாம் முறை மின்னுகிறதா என்று பார்க்க நான் காத்திருக்கவில்லை, ஏனென்றால் முதலாளி மாடிப்படி ஏறி வரும் சத்தம் கேட்டது. பட்டென்று எல்லாவற்றையும் அணைத்துச் சிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு, அதிகாரி ரவுண்ட்ஸ் போயிருந்த நேரத்தில், சிப்பை மாற்றினேன். சங்கு அறையிலேயே நின்றேன். சரியாகப் பத்து மணி.

ஒன்று. இரண்டு. எனக்கு உயிர் வந்தது. பெட்டியை மூடப் போனேன்.

மூன்று. நான்கு. ஐந்து.

விஷயம் இதுதான். குட்டிச் சங்கு எத்தனை தடவை ஊத வேண்டும் என்கிற கணக்கை மைக்ரோகண்ட்ரோலரின் நினைவகத்துக்குள் ஒரு சின்ன அறையில் நான் வைத்திருந்தேன். ஞாயிறு விடுமுறை என்றால் மிஷின் அதைத் தனியாகக் குறித்து வைக்காது என்பதால், போன முறை அது காலி அறை. இந்த முறை மிஷின் புதிதாக எழுதும்போது, வார விடுமுறை நாளை அதே அறையில் குடிவைத்திருந்தது. ஒரே அறையில் இரண்டு குடித்தனம். நான் இரண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வர, அந்தப் பக்கம் மிஷின் எழுதிய வரிகள் வந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்று மறுபடி மறுபடி நிரப்பிவிட்டுப் போகின்றன. கணக்கு எப்படித் தீரும்? சங்கு எப்படி நிற்கும்?

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், குட்டையாக ஊதிக்கொண்டே இருந்தால் தீ என்று அக்கா சொன்னது மட்டும்தான். பஞ்சு மில்லில் தீ என்றால் விளையாட்டில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு கால்களின் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தண்ணீர் வாளியோடு பத்துப் பேர் ஒரு பக்கம் ஓடினால், மணல் வாளியோடு பத்துப் பேர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள். தீ எங்கே என்று யாருக்கும் தெரியாது அல்லவா? கேண்டீன் மாஸ்டர் சாம்பார்க் கரண்டியோடு ஓடுகிறார். ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் ஃபைல்களை எல்லாம் விட்டுவிட்டுத் தன் குடையை மட்டும் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறார்.

நான் பதற்றத்தில் பெட்டிக்குள் தலையை விட்டு மெயின் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். சங்கு அறை, திறந்து கிடக்கும் கரண்ட் பெட்டி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு பெண். அவருக்கு வேறு என்ன தோன்றும்? பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே ஒரு வாளி மணலையும் குறிதவறாமல் என் மேல் கொட்டினார்.

சுவிட்ச் கையில் தட்டுப்பட்டது. அணைத்தேன். சங்கு இழுத்துக்கொண்டே போய் அடங்கியது.

தலையில், காதில், சட்டைக்குள் எல்லாம் மணலோடு வெளியே வந்தேன். மில்லில் உள்ளவர்கள் எல்லோரும் கேட் பக்கம் கூடி நின்றார்கள். அந்த நாலு பேர் மட்டும் அங்கே இல்லை. தேடினேன். அவர்கள் கேட் பக்கமே வரவில்லை. சங்கு ஊத ஆரம்பித்ததும் எல்லோரும் ஓடிய திசைக்கு எதிர்த் திசையில், காப்பகத்துக்கு ஓடியிருக்கிறார்கள். குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு பின்பக்க மைதானத்துக்குப் போய், ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. மணி பத்தும் ஆகியிருந்தது, அம்மாவும் வந்தாகிவிட்டது, அவற்றுக்கு வேறு என்ன வேண்டும்?

அக்காவின் ஒரு காலில் செருப்பு இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கீங்க தீ?”

“தீ இல்லீங்க அக்கா. எல்லாம் நான்தான்.”

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பையனை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். தன் பிள்ளை எரியும் கட்டடத்துக்குள் இருக்கிறான் என்று நினைத்து ஒரு தாய் ஓடிய ஓட்டத்துக்கு நான் காரணமாக இருந்துவிட்டேன். மணலோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆயா வந்து, “எந்திரி கண்ணு, கண்ணுக்குள்ள மண்ணு போயிரும்” என்றார்.

அரை மணி நேரத்தில் அதிகாரியின் அறையில் விசாரணை. முதலாளி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். பதினோரு வரி வைத்தது, மறந்தது, அழித்தது, திரும்ப வைத்தது என்று எதையும் விடாமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலாளி இங்கிலீஷில் ஆரம்பித்தார். நல்ல இங்கிலீஷ், நீளமான இங்கிலீஷ். திடீரென்று நிறுத்தி, “கணக்கை எந்த அறையில வெச்ச?” என்று தமிழில் கேட்டார். சொன்னேன். “அடடா! லீவு நாளை அங்கயல்ல நான் வெச்சிருக்கறேன்?” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் அதிகாரி இருப்பதையே மறந்துவிட்டு மேஜையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி கனைத்தார். ஃபைலைத் திறந்து, தான் கையெழுத்துப் போட்ட படிவத்தை எடுத்து வைத்தார். “இதுல குட்டிச் சங்குன்னு எதுவும் இல்லை. இதுல இல்லாதது இனிமே ஊதக் கூடாது. அவ்வளவுதான்.”

வாசலில் அக்காவும் மற்ற மூன்று பேரும் நின்றிருந்தார்கள். அக்காவின் இடுப்பில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். முடிந்தது என்று நினைத்தேன். என் கெட்டிக்காரத்தனத்தால் போனது, இனித் திரும்ப வராது.

முதலாளி படிவத்தை எடுத்துப் பார்த்தார். “நீங்க சொல்றது நியாயந்தானுங்க. படிவத்துல இல்லாதது ஊதக் கூடாது. ஆனா அந்தக் கேள்வியே இதுல இல்லீங்களே. கேக்காம விட்டது என்ற தப்பு.” பேனாவை எடுத்து, படிவத்தின் கடைசியில் கையால் ஒரு கேள்வி எழுதினார். ‘பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பத்து மணிக்குத் தனிச் சங்கு உண்டா?’ பக்கத்தில், ‘ஆம்’, ‘இல்லை’. அதை அதிகாரியின் பக்கம் திருப்பி வைத்தார்.

“ரெண்டுல ஒண்ணை டிக் போட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க சார். எதைப் போட்டாலும் எனக்குச் சம்மதமுங்க. வெறுமனே விட மட்டும் முடியாதுங்க. பதில் இல்லாம என்ற மிஷின் அடுத்த கேள்விக்குப் போகாது.”

அதிகாரி பேனாவைத் திறந்தார். ‘இல்லை’ பக்கம் கொண்டுபோனார். வாசலைப் பார்த்தார். பேனாவை மூடினார். “மேல கேட்டுச் சொல்றேன்” என்றார்.

“கேளுங்க சார். அது வரைக்கும் இல்லேன்னு போட்டு ஒரு கையெழுத்து மட்டும் குடுத்துருங்க.”

அதற்குள் வாசலிலிருந்து அக்காவின் குரல். “ஆமாங்க சார். இல்லேன்னாவது எழுதிக் குடுங்க. அதை வெச்சு நாங்க எங்க போய்க் கேக்கோணுமோ அங்க கேட்டுக்கறோமுங்க.” பெரிய குரல்தான், ஆனால் அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை.

சங்கு ஊதாததால் போகக் கூடாது என்று சொல்வது அதிகாரிக்குச் சுலபமாக இருந்தது. கம்ப்யூட்டர் எடுத்துவிட்டது என்று சொல்வது இன்னும் சுலபம். நாலு பேர் முன்னால் நாலு பேனாவில் ஒன்றை எடுத்துத் தன் பெயரைப் போட்டு ‘இல்லை’ என்று எழுதுவது அத்தனை சுலபமாக இல்லை. பாவம், அவரும் கெட்ட மனிதர் ஒன்றும் அல்ல. நெற்றியைத் துடைத்தார். ‘ஆம்’ என்பதில் டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். கௌரவத்துக்காகப் பக்கத்தில் ஒரு வரியும் சேர்த்தார்: ‘பதினைந்து நிமிடம் மட்டும். பதினாறு ஆகக் கூடாது.’

“பதினாலுல வந்துருவோமுங்க” என்றார் அக்கா.

முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் தேவலை என்று சில நாள் தோன்றியது. ஒரு வாரம் பக்கத்தில் உட்கார வைத்து மிஷினை முழுக்கப் பிரித்தார். இனி எந்த மில் தனியாக எதைக் கேட்டாலும் அது ஒரு தனிக் கோப்பில் இருக்கும். மிஷின் எத்தனை தடவை புதிதாக எழுதினாலும் முதலில் அந்தக் கோப்பைப் படித்து, அதில் உள்ளதைத் தன் மாவோடு கலந்துவிட்டுத்தான் வெளியே தரும். அந்தக் கோப்பில் வருபவற்றுக்கென்று சில அறைகளையும் காலியாக ஒதுக்கி வைத்தார், இரண்டு குடித்தனம் வராமல் இருக்க. ஒவ்வொன்றுக்கும் யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள் என்று எழுதாவிட்டால் மிஷின் ஓடவே ஓடாது. அந்தக் கோப்பில் முதல் குறிப்பை என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

அதற்குப் பிறகு அந்த மில்லின் விடுமுறை இரண்டு தடவை மாறியது, ஷிப்ட் நேரமும் ஒரு தடவை மாறியது. குட்டிச் சங்கு ஒரு நாளும் தவறவில்லை. நான் எப்போது அங்கே போனாலும் வாட்ச்மேன் எழுந்து நின்று, “வாங் அம்மணி, மணல் எடுத்து வெக்கட்டுங்களா?” என்று கேட்பதும் தவறவில்லை. அக்காவின் பையன் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்து, காப்பகத்திலிருந்து தப்பித்து ஓடி வந்து என் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற நாள் வரைக்கும் பார்த்தேன். பிறகு கல்யாணமாகி வேறு ஊர், வேறு வேலை.

இப்போதும் என் பிழைப்பு மைக்ரோகண்ட்ரோலர்தான். இப்போதைய மென்பொருள்கள் தாமே புரோகிராம் எழுதித் தரும்போது, நாம் எழுதுவதற்கென்று நடுவில் இடம் விட்டே தருகின்றன. என்னோடு வேலை செய்யும் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வெளியே ஒரு வரி எழுதினாலும் நான் ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறேன் என்று அவர்களுக்குப் புரிவதில்லை. ஒருவர் நல்ல மனதோடு வாய்வார்த்தையாகக் கொடுத்த ஒன்றை, இன்னொருவர் கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், ஒரே தட்டலில், அழித்தது தெரியாமலேயே அழித்துவிட முடியும்; அந்த இன்னொருவராக ஒரு தடவை நானே இருந்துவிட்டேன் என்பதால், யாருக்காவது உரியது எதுவாக இருந்தாலும் அதை எழுதிக் கையெழுத்து வாங்காமல் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை.